வெளிப்படுத்தின விசேஷத்தின் எண்கள்: எந்த எண்ணை எந்த வழியில் வாசிப்பது?

வெளிப்படுத்தின விசேஷத்தை ஒரு வேதபாடக் குழுவுடன் சேர்ந்து முழுமையாக வாசிக்க முன்வரும் எவரும், முதல் அதிகாரத்தைத் திறப்பதற்கு முன்பே ஒரு முடிவை எடுத்தாக வேண்டியிருக்கிறது. ஏழு முத்திரைகள், பத்துக் கொம்புகள், 1260 நாட்கள், 666, 144000, ஆயிரம் ஆண்டுகள் எனப் பக்கந்தோறும் வரும் எண்களுக்கும், அவற்றைச் சுமந்துவரும் மிருகங்களுக்கும் குதிரைகளுக்கும் எந்த முறையில் பொருள்கொள்வது என்பதே அந்த முடிவு. அதை எடுக்காமல் தள்ளிப்போட முடியாது. குழுவில் வந்து அமர்கிறவர்கள் கன்வென்ஷன் மேடைகளிலும் யூடியூபிலும் கேட்ட ஏதோ ஒரு முறையை ஏற்கெனவே மனத்தில் கொண்டுதான் வருகிறார்கள். நடத்துபவர் ஒன்றைத் தேர்ந்து முன்வைக்காவிட்டால் அதுவே குழுவின் முறையாகிவிடும். கத்தோலிக்கர் 'திருவெளிப்பாடு' என்ற பெயரில் வாசிக்கும் நூலும் இதுவே ஆதலால், இங்கே சொல்லப்படுபவை அவர்களுக்கும் பொருந்தும்.

கிறிஸ்தவ மரபில் நான்கு வழிகள் வழக்கில் உள்ளன. இந்நூல் பெரும்பாலும் முதல் நூற்றாண்டின் ரோமப் பேரரசைப் பற்றியது, அன்று அதைக் கேட்டவர்களுக்கு அது புரிந்தது என்று கொள்வது முதல் வழி. இதை முதல் நூற்றாண்டு வாசிப்பு என்று அழைக்கிறேன். அப்போஸ்தலர் காலம் தொடங்கி உலக முடிவு வரையிலான திருச்சபை வரலாறு இதில் வரிசையாக எழுதப்பட்டிருக்கிறது என்று கொள்வது இரண்டாவது. இது வரலாற்றுத் தொடர் வாசிப்பு. நான்காம் அதிகாரத்திலிருந்து வரும் ஏறத்தாழ எல்லாமே இனிமேல்தான் நிகழவேண்டும் என்பது மூன்றாவதாகிய எதிர்கால வாசிப்பு. 'இரகசிய வருகை', 'ஏழு வருட உபத்திரவ காலம்', 'அந்திக்கிறிஸ்துவின் ஆட்சி' என்று தமிழ்ச் சபைகள் பலவற்றில் கேட்டுப் பழகிய வரிசை இதைச் சேர்ந்தது. எந்த ஒரு காலத்துக்கும் கட்டுப்படாமல், தேவனுடைய ஆட்சிக்கும் அதை எதிர்க்கும் ஆதிக்கங்களுக்கும் இடையே எப்போதும் நடக்கும் போராட்டத்தின் சித்திரம் என்று கொள்வது நான்காவது. இது உருவக வாசிப்பு.

இந்த வழிகளின் வரலாற்றில் கட்சிச் சண்டையும் கலந்திருக்கிறது. 1522இல் வெளிவந்த லூத்தரின் ஜெர்மன் புதிய ஏற்பாட்டில், பாபிலோன் என்னும் வேசியின் தலையில் பாப்பரசரின் மூவடுக்கு முடியை வைத்து ஓவியர் கிரனாக் மரச்செதுக்குப் படம் வரைந்தார். மிருகம் என்பது பாப்பரசரின் ஆட்சியே என்ற அந்தக் குற்றச்சாட்டுக்கு எதிராக, பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் ரிபேரா என்ற ஸ்பானிய இயேசு சபைக் குரு மிருகத்தை எதிர்காலத்துக்குத் தள்ளி வைத்தார். 1614இல் வெளிவந்த உரையில் அல்காசர் என்ற இன்னொரு இயேசு சபைக் குரு அதைப் பழைய ரோமுக்குக் கொண்டு சென்றார். பாப்பரசரைக் கடுமையாகச் சாடும் மேடைகளிலேயே இன்று ஒலிக்கும் எதிர்கால வாசிப்புக்கு ஓர் இயேசு சபைக் குருவும் முன்னோடி என்பது வரலாற்றின் குறும்பு. அதற்கு இன்றைய வடிவத்தைக் கொடுத்தவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த டார்பி என்ற போதகர். 1909இல் வெளிவந்த ஸ்கோஃபீல்டு வேதாகமத்தின் அடிக்குறிப்புகள் அதை உலகெங்கும் பரப்பின.

ஒரு முறை எத்தனை வசனங்களை விளக்குகிறது என்பதை மட்டும் அளவுகோலாக வைத்தால் நான்கும் தேறிவிடும். ஏதாவது ஒரு பொருளை ஒவ்வொரு வசனத்துக்கும் ஒட்டவைக்க நான்காலும் முடியும். எனவே வேறு இரண்டு கேள்விகளை வைத்து ஒப்பிடுவது பயனுள்ளது என்று கருதுகிறேன். ஓர் எண்ணை எப்படிக் கையாள வேண்டும் என்று நூலே குறிப்புத் தருகிறதா? அந்த முறையில் ஒருவர் தவறினால், தவறினார் என்று கண்டுகொள்ள வழி இருக்கிறதா? இவ்விரண்டையும் வைத்துப் பார்த்தால், முழு நூலுக்கும் ஒரே முறையைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு உள்ளே போவதே பிழையான தொடக்கம் என்பது விளங்கும். இந்நூலின் எண்கள் எல்லாம் ஒரே இனத்தவை அல்ல.

666இலிருந்து தொடங்கலாம். பதின்மூன்றாம் அதிகாரத்தின் கடைசி வசனம், புத்தியுள்ளவன் மிருகத்தின் இலக்கத்தைக் கணக்குப் பார்க்கட்டும் என்று வாசகரை நேராகவே ஏவுகிறது. அது ஒரு மனிதனுடைய இலக்கம் என்றும் சொல்கிறது. இவ்வளவு வெளிப்படையான கட்டளை வேறு எந்த எண்ணுக்கும் இந்நூலில் இல்லை. கிரேக்கத்திலும் எபிரேயத்திலும் எழுத்துகளே எண்களாகவும் வழங்கின. பழைய தமிழ் ஏடுகளில் க, உ, ங என்று எண்களைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இராது. ஆகவே ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கூட்டுத்தொகை இருந்தது. அதை வைத்து மக்கள் விளையாடவும் செய்தார்கள். எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெயி நகரச் சுவர் ஒன்றில், 545 என்ற எண்ணுக்குரியவளை நான் காதலிக்கிறேன் என்று யாரோ கிரேக்கத்தில் கிறுக்கிவைத்திருக்கிறார். ரோமப் பேரரசன் நீரோவின் பெயரின் கூட்டுத்தொகையும் 'தன் தாயைக் கொன்றான்' என்ற தொடரின் கூட்டுத்தொகையும் ஒன்றே என்று ரோமில் உலவிய கேலியை வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸ் பதிவு செய்திருக்கிறார். மிருகத்தின் இலக்கம் என்றவுடன் முதல் நூற்றாண்டு வாசகர் செய்திருக்கக்கூடியது இதே வகைக் கணக்குதான்.

'நீரோன் கேசர்' என்பதை எபிரேய எழுத்தில் எழுதினால் 50, 200, 6, 50, 100, 60, 200 என்று வரும், கூட்டினால் 666. இதற்கு ஒரு தடை சொல்லப்பட்டது: கேசர் என்ற சொல்லை எபிரேயத்தில் இன்னோர் எழுத்தையும் சேர்த்தே எழுதுவது வழக்கம், அதைச் சேர்த்தால் தொகை கூடிவிடும் என்பதே அது. யூதேயப் பாலைவனத்தின் முரபாத் குகைகளில் கிடைத்த, நீரோவின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அரமேயக் கடன் பத்திரம் ஒன்றில் அந்தக் கூடுதல் எழுத்து இல்லாமலே பெயர் எழுதப்பட்டிருக்கிறது. எனவே தடை வலுவிழந்தது. இதைவிடக் கனமான சான்று பிரதிகளிலேயே இருக்கிறது. ஐந்தாம் நூற்றாண்டின் எப்ராயீம் கையெழுத்துப் பிரதியிலும், எகிப்தின் ஆக்ஸிரிங்கஸ் குப்பைமேட்டில் கிடைத்து 1999இல் வெளியிடப்பட்ட ஒரு பாப்பிரஸ் துண்டிலும் 666க்குப் பதிலாக 616 என்று இருக்கிறது. நீரோன் என்ற கிரேக்க வடிவத்தை விட்டு, இலத்தீனில் வழங்குவதுபோல் நீரோ என்று கடைசி எழுத்து இல்லாமல் எழுதினால் 50 குறைந்து சரியாக 616 வரும். ஒரே விடை இரண்டு வேறுபட்ட பாடங்களையும் ஒருங்கே விளக்குவது தற்செயலாக நடக்கக்கூடியது அன்று.

ஆனாலும் இந்த விடையைச் சொல்லும்போது அதன் பலவீனத்தையும் குழுவிடம் சொல்லிவிட வேண்டும். நூல் கிரேக்கத்தில் உள்ளது. கணக்கு எபிரேய எழுத்தில் போடப்படுகிறது. கி.பி. 180ஐ ஒட்டி எழுதிய ஆயர் ஐரேனியஸ் 616 என்ற பாடத்தை அறிந்து அதை மறுத்தவர். எவாந்தாஸ், லாத்தேயினோஸ், தெயித்தான் என்று மூன்று கிரேக்கப் பெயர்களைக் கணக்கிட்டுக் காட்டியவர். நீரோவின் பெயரை அவர் சொல்லவேயில்லை. பெயரை உறுதியாகச் சொல்வது ஆபத்து என்று எச்சரித்தவரும் அவரே. நீரோ என்ற விடை பரவலாக ஏற்கப்பட்டது, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மானிய அறிஞர் சிலர் தனித்தனியே அதைக் கண்டடைந்த பிறகுதான். இந்தத் தடைகளுக்குப் பின்னும் அது நிற்பதற்குக் காரணம், இக்கணக்கைப் புறத்தே நின்று சோதிக்க முடிகிறது என்பது: கடன் பத்திரத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தாலோ, 616க்கு விடை கிடைக்காமல் போயிருந்தாலோ அது அங்கேயே ஆட்டம் கண்டிருக்கும்.

மற்ற முறைகள் இதே எண்ணில் என்ன செய்தன என்பதை அருகே வைத்துப் பார்க்கலாம். லூத்தரின் சீடரும் கணித வல்லுநருமான ஸ்டிஃபெல், பத்தாம் லியோ என்ற பாப்பரசரின் இலத்தீன் பெயரிலுள்ள ரோம எண்ணெழுத்துகளை எடுத்து, வேண்டாத ஒன்றை நீக்கி, வேண்டிய ஒன்றைச் சேர்த்து 666ஐ வரவழைத்தார். அதே நூற்றாண்டில் போங்கோ என்ற கத்தோலிக்கர், லூத்தரின் பெயரிலிருந்து அதே 666ஐ எடுத்துக் காட்டினார். ஸ்டிஃபெல் அத்துடன் நிற்காமல், 1533 அக்டோபர் 19 காலை எட்டு மணிக்கு உலகம் முடியும் என்று நேரமும் குறித்தார். நம் காலத்தில் பார்கோடும் கடன் அட்டையும் தடுப்பூசியும் இந்த வரிசையில் சேர்ந்தன. மிசோரமில் கிறிஸ்தவர் சிலர் ஆதாரில் பதிய மறுத்ததற்கும் இந்த அச்சமே காரணம். இந்த விடைகளில் எதற்கும் சோதனை கிடையாது. ஒன்று பொய்த்தால் அடுத்த பொருளுக்கு எண் மாற்றிக் கொடுக்கப்படும். உருவக வாசிப்போ நேர் எதிர்த் திசையில் தவறுகிறது. ஏழு என்பது நிறைவு, ஆறு என்பது குறைவு, எனவே மூன்று ஆறுகள் முக்குறைவு என்ற விளக்கம் பிரசங்கத்துக்கு அழகாக இருக்கிறது. ஆனால் கிரேக்கத்தில் 666ஐ எழுதும்போது அறுநூறு, அறுபது, ஆறு ஆகியவற்றுக்கு மூன்று வெவ்வேறு எழுத்துகள் வருமேயொழிய மூன்று ஆறுகள் வரிசையாக நிற்பதில்லை. கணக்குப் பார் என்ற கட்டளையையும் அது கண்டுகொள்வதில்லை. ஆகவே 666ஐப் பொறுத்தவரை என் தேர்வு முதல் நூற்றாண்டு வாசிப்பே.

1260க்கு வரும்போது நிலைமை மாறுகிறது. இந்த எண் தனியாக வருவதில்லை. பரிசுத்த நகரம் மிதிக்கப்படுவது 42 மாதம். இரண்டு சாட்சிகள் தீர்க்கதரிசனம் சொல்வது 1260 நாள். வானத்தில் தோன்றிய ஸ்திரீ வனாந்தரத்தில் போஷிக்கப்படுவது ஓரிடத்தில் 1260 நாள், இன்னோரிடத்தில் ஒரு காலமும் காலங்களும் அரைக்காலமும். மிருகத்துக்கு அதிகாரம் கொடுக்கப்பட்டது மறுபடியும் 42 மாதம். மாதத்துக்கு 30 நாள் என்று கொண்டால் எல்லாம் மூன்றரை ஆண்டுதான். 'காலமும் காலங்களும் அரைக்காலமும்' என்ற தொடர் தானியேல் 7இலும் 12இலும் இருந்து எடுக்கப்பட்டது. அங்கே அது, சிரியாவை ஆண்ட கிரேக்க அரசன் அந்தியோக்கு எப்பிபானெஸ் எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்திய கி.மு. 167 முதல் 164 வரையிலான கொடுமைக் காலத்தைச் சுட்டுகிறது என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. அந்தக் காலமும் சரியாக மூன்றரை ஆண்டு அன்று. ஏறத்தாழ மூன்று ஆண்டுதான். எலியா காலத்து வறட்சியின் கதையும் இப்படித்தான். முதலாம் ராஜாக்கள் நூல் மூன்றாம் வருஷத்தில் மழை வந்ததாகச் சொல்ல, லூக்காவும் யாக்கோபும் அதை மூன்றரை வருஷம் என்கிறார்கள். இரண்டு சாட்சிகளும் எலியாவைப் போலவே மழை பெய்யாதபடி வானத்தை அடைக்கிறார்கள். அவர்களுடைய சடலங்கள் கிடப்பதும் மூன்றரை நாள். ஏழின் பாதி, அதாவது முழுமையடைய விடப்படாமல் நடுவில் முறிக்கப்படும் துன்பகாலம், என்ற பொருளில் இந்த எண், நூலை எழுதிய யோவானுக்கு முன்பே வழக்கில் இருந்திருக்கிறது என்று கொள்வதற்கு இவை போதிய சான்று. இங்கே உருவக வாசிப்புக்கு நூலின் ஆதரவு இருக்கிறது.

முதல் நூற்றாண்டு வாசிப்பாளர் சிலர், ரோமத் தளபதி வெஸ்பாசியன் யூதேயாவுக்குப் படையோடு வந்த கி.பி. 67 வசந்தம் முதல் ஆலயம் எரிந்த 70 ஆகஸ்டு வரை ஏறத்தாழ மூன்றரை ஆண்டு என்று காட்டுவார்கள். பொருத்தம் உண்டு, ஆனால் 42 மாதத்தை ஐந்து இடங்களில் மூன்று விதமாகச் சொல்லும் ஆசிரியர் ஒரு போரின் காலக்கணக்கைத் தருகிறார் என்று நம்புவது எனக்குக் கடினமாக இருக்கிறது. எதிர்கால வாசிப்பு, தானியேல் 9இலுள்ள எழுபதாவது வாரத்தை (ஒரு வாரம் ஏழு ஆண்டு என்று கொண்டு) தனியே பிரித்து எதிர்காலத்துக்கு நகர்த்தி, அதன் இரண்டாம் பாதிதான் இந்த மூன்றரை ஆண்டு என்கிறது. குழுவில் இதைக் கேட்டு வளர்ந்தவர்கள் இருந்தால், 'ஏழு வருட உபத்திரவம்' என்ற தொடரை வெளிப்படுத்தின விசேஷத்தில் தேடிப் பார்க்கச் சொல்லலாம். அது அங்கே இல்லை. அந்திக்கிறிஸ்து என்ற சொல்லும் இந்நூலில் இல்லை, யோவானின் நிருபங்களில்தான் இருக்கிறது. இல்லை என்பதால் அந்தப் போதனை முழுவதும் பொய் என்று ஆகிவிடாது; வேறு நூல்களிலிருந்து துண்டுகளைக் கொண்டுவந்து கட்டிய கட்டுமானம் அது என்பதைக் கேட்பவர் அறிந்திருப்பது நல்லது.

வரலாற்றுத் தொடர் வாசிப்புக்கு 1260தான் உயிர்நாடி. அது வீழ்ந்த இடமும் இதுவே. எண்ணாகமம் 14:34இலும் எசேக்கியேல் 4:6இலும் ஒரு நாளுக்கு ஒரு வருஷம் என்று வருவதை விதியாக்கி, 1260 நாளை 1260 ஆண்டாக்கினார்கள். விதி எளிது, எங்கிருந்து எண்ணுவது என்பதுதான் சிக்கல். பாப்பரசரின் ஆதிக்கம் தொடங்கியது 538இல் என்று எண்ணியவர்களுக்கு 1798 கிடைத்தது. அந்த ஆண்டில் பிரெஞ்சுத் தளபதி பெர்த்தியே ரோமுக்குள் நுழைந்தார், ஆறாம் பயஸ் பாப்பரசர் சிறைப்பட்டார், கணக்கு மெய்யாயிற்று என்று பலர் மகிழ்ந்தார்கள். 606இலிருந்து எண்ணியவர்கள் 1866க்காகக் காத்திருந்தார்கள். ஐசக் நியூட்டன் தம் தனிக் குறிப்புகளில் 800ஐத் தொடக்கமாக வைத்து 2060ஐ எழுதிவைத்தார். அவருக்கு முன்னரே, பின்னாளில் மடக்கை அட்டவணையால் உலகப் புகழ் பெற்ற ஜான் நேப்பியர், 1593இல் வெளியிட்ட உரையில் 1688க்கும் 1700க்கும் இடையே முடிவு வரும் என்று கணித்திருந்தார். இவர்கள் கணக்குத் தெரியாதவர்கள் அல்லர். அவர்கள் காலத்தில் இவர்களைவிடத் தேர்ந்த கணக்கர்களைக் காண்பது அரிது. இதே நாள்–ஆண்டு விதியைத் தானியேல் 8இலுள்ள 2300க்குப் பொருத்தி, கி.மு. 457இலிருந்து எண்ணி, அமெரிக்காவில் வில்லியம் மில்லரும் அவரைப் பின்பற்றியோரும் 1844 அக்டோபர் 22க்கு வந்து சேர்ந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் காத்திருந்து ஏமாந்த அந்த நாளை 'பெரும் ஏமாற்றம்' என்றே வரலாறு குறிப்பிடுகிறது. தொடக்கப் புள்ளியை வாசகர் விருப்பப்படி நகர்த்த விடும் முறை எந்தத் தோல்வியையும் தாங்கிக்கொள்ளும் என்பதே என் பார்வையில் அதன் பெருங்குறை. நான்கில் இந்த ஒன்றைத்தான் நான் முற்றாக விலக்குவேன்.

144000ஐப் பற்றி அதிகம் வாதிட வேண்டியதில்லை. பன்னிரண்டைப் பன்னிரண்டால் பெருக்கி ஆயிரத்தால் பெருக்கிய தொகை அது என்பது வெளிப்படை. கோத்திரப் பட்டியலில் தாண் விடுபட்டிருப்பதும், யோசேப்பும் அவன் மகன் மனாசேயும் தனித்தனியே எண்ணப்பட்டிருப்பதும் இது மக்கள்தொகைக் கணக்கு அன்று என்பதைக் காட்டுகின்றன. அதைவிட முக்கியமானது, யோவான் அந்த எண்ணைக் கேட்கிறார், அதன்பின் திரும்பிப் பார்க்கும்போது ஒருவராலும் எண்ணக்கூடாத திரளான கூட்டத்தைக் காண்கிறார் என்பது. ஐந்தாம் அதிகாரத்திலும் யூதா கோத்திரத்துச் சிங்கம் என்று கேட்கிறார். பார்க்கும்போது அடிக்கப்பட்ட ஆட்டுக்குட்டி நிற்கிறது. கேட்டதைக் கண்டது விளக்குகிறது. யெகோவாவின் சாட்சிகளைப் போல் 144000 பேர் என்று எண்ணிச் சொல்பவர்களுக்கு ஏழாம் அதிகாரத்தின் ஒன்பதாம் வசனத்தைத் தாண்டிச் செல்வது எளிதன்று. புதிய எருசலேமின் அளவும் இப்படித்தான். நீளம், அகலம், உயரம் மூன்றும் பன்னீராயிரம் ஸ்தாதி என்றால் 2000 கிலோமீட்டருக்கும் மேல் உயர்ந்த கனசதுரம். சாலொமோன் கட்டிய ஆலயத்தின் மகா பரிசுத்த ஸ்தலமும் இருபது முழக் கனசதுரம் என்று அறிந்தவர்களுக்கு, நகரம் முழுவதுமே மகா பரிசுத்த ஸ்தலம் ஆகிவிட்டது என்பது உடனே புரியும்.

எண்களிலிருந்து சித்திரங்களுக்குத் திரும்பினால் முதல் நூற்றாண்டு வாசிப்பின் கை மீண்டும் ஓங்குகிறது. பாபிலோன் என்று ரோமை அழைப்பது யோவான் கண்டுபிடித்த புதுமை அன்று. எருசலேம் அழிந்த கி.பி. 70க்குப் பிறகு எழுந்த நான்காம் எஸ்றா, இரண்டாம் பாரூக் போன்ற யூத நூல்களும் அதையே செய்கின்றன. வேசி ஏழு மலைகள்மேல் உட்கார்ந்திருக்கிறாள் என்கிறது பதினேழாம் அதிகாரம். 71இல், அப்போது பேரரசனாகியிருந்த வெஸ்பாசியன் வெளியிட்ட வெண்கல நாணயத்தில் ரோமா தேவி ஏழு குன்றுகள்மேல் அமர்ந்திருக்கிறாள். ஆட்சியின் பெருமைக்காக அச்சிட்ட உருவத்தை யோவான் எடுத்துத் தலைகீழாக்கிவிட்டார் என்று எண்ணத் தோன்றுகிறது. மரணக்காயம் ஆறிப்போன தலையைப் பற்றிய வசனத்தை, 68இல் தற்கொலை செய்துகொண்ட நீரோ உண்மையில் சாகவில்லை, கிழக்கிலிருந்து படையோடு திரும்பி வருவான் என்ற வதந்தியோடு சேர்த்துப் படிக்க வேண்டும். 69 தொடங்கி அடுத்த இருபது ஆண்டுகளில் நான்தான் நீரோ என்று சொல்லிக்கொண்டு போலிகள் சிலர் எழும்பியதை ரோம வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள்.

மூன்றாம் முத்திரை உடைக்கப்பட்டபோது வரும் கறுப்புக் குதிரையும் அப்படியே. ஒரு பணத்துக்கு ஒருபடி கோதுமை, எண்ணெயையும் திராட்சரசத்தையும் சேதப்படுத்தாதே என்ற குரலில் சின்ன ஆசியாவின் சந்தை ஒலிக்கிறது. ஒரு பணம் ஒரு கூலியாளின் ஒருநாள் கூலி. அதில் ஒருவன் வயிறு மட்டுமே நிரம்பும், குடும்பம் பட்டினி. அதேநேரத்தில் செல்வர்களின் திராட்சத் தோட்டங்கள் தழைத்திருக்கின்றன. தானியம் குறைந்து திராட்சரசம் மிகுந்துபோனதால் மாகாணங்களின் திராட்சத் தோட்டங்களில் பாதியை வெட்டும்படி பேரரசன் டொமிஷியன் ஆணையிட்டு, பின்னர் அதை நிறைவேற்றாமல் விட்டதாகச் சுவெட்டோனியஸ் எழுதுகிறார். கறுப்புக் குதிரையைப் பொதுவான பஞ்சத்தின் உருவகம் என்று மட்டும் சொல்லி நகர்ந்தால், யாருடைய பஞ்சம், யாருடைய விருந்து என்ற கூர்மை மழுங்கிவிடும். லவோதிக்கேயாவுக்கு எழுதிய கடிதத்தில் வரும் 'நான் ஐசுவரியவான், எனக்கு ஒன்றும் குறைவில்லை' என்ற வாய்ச்சொல்லும், 60இல் நிலநடுக்கத்தால் இடிந்த பின் பேரரசின் உதவியின்றித் தன் பணத்திலேயே எழுந்து நின்ற நகரத்தின் குரல் என்று தெரிந்தால்தான் உறைக்கும். சக்கரவர்த்தியின் சிலைக்கு முன்பாகத் தூபமும் திராட்சரசமும் படைக்கச் செய்து கிறிஸ்தவர்களைச் சோதித்ததாக ஆளுநர் பிளினி 112ஐ ஒட்டிப் பேரரசன் டிராஜனுக்கு எழுதிய கடிதம், மிருகத்தின் சொரூபத்தை வணங்க மறுப்பது என்பது நடைமுறையில் எப்படி இருந்தது என்பதைக் காட்டுகிறது.

இந்த வாசிப்பு அளவு மீறும் இடங்களும் உண்டு. டொமிஷியன் காலத்தில் பேரரசெங்கும் கிறிஸ்தவர்கள் வேட்டையாடப்பட்டார்கள் என்று பழைய உரைகள் எழுதியதற்குச் சான்று மிகக் குறைவு. நூலிலேயே பெயர் சொல்லப்படும் இரத்தசாட்சி பெர்கமுவின் அந்திப்பா ஒருவரே. இருபதாம் அதிகாரத்திலும் அதற்குப் பின்னும் வரும் உயிர்த்தெழுதலும் நியாயத்தீர்ப்பும் புதிய வானமும் புதிய பூமியும் முதல் நூற்றாண்டில் நிறைவேறிவிட்டன என்று சொல்ல முயல்பவர்கள் வார்த்தைகளை மிகவும் வளைக்க வேண்டியிருக்கிறது. அங்கே எதிர்கால வாசிப்பு தன் பங்கைக் கேட்பது நியாயமே; சபைகள் காலங்காலமாக அறிக்கையிட்டு வரும் நம்பிக்கையும் அதுவே.

ஆயிரம் ஆண்டு அரசாட்சி மட்டும் எனக்குத் தீராத கேள்வியாகவே இருக்கிறது. காரணம், நூல் இங்கே எந்தக் குறிப்பும் தராமல் அந்த எண்ணை ஆறு முறை திரும்பத் திரும்பச் சொல்லிப் போகிறது. பப்பியா, யுஸ்தீன், ஐரேனியஸ் ஆகிய தொடக்ககால ஆசிரியர்கள் அதைப் பூமியில் வரவிருக்கும் ஆட்சியாகவே நம்பினார்கள். அகுஸ்தீனும் ஒரு காலத்தில் அப்படி நம்பி, பின்னர் வட ஆப்பிரிக்காவின் திக்கோனியு காட்டிய வழியில், அது திருச்சபையின் காலம் முழுவதையும் குறிக்கும் எண் என்று மாற்றிக்கொண்டார். மேற்கத்திய திருச்சபை அதையே நெடுங்காலம் ஏற்றது. சங்கீதத்தில் ஆயிரம் மலைகளின் மிருகங்கள் தேவனுடையவை என்றால் ஆயிரத்தோராவது மலை அவருடையதன்று என்று யாரும் கொள்வதில்லை என்ற வாதம் எனக்குச் சாய்வைத் தருகிறது, உறுதியைத் தரவில்லை. குழுவில் இரண்டு தரப்பையும் சொல்லிவிட்டு முன்னே செல்வதே தகும். இந்த ஓர் எண்ணுக்காகச் சபைகள் பிளந்தது போதும்.

யாருக்கு எது என்ற நடைமுறைக் கேள்விக்கு வருவோம். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்துக்கு ஏழாம் அதிகாரத்தையோ இருபத்தோராம் அதிகாரத்தையோ எடுப்பவருக்கு உருவக வாசிப்பு போதும். துக்கத்தில் இருப்பவருக்குக் கண்ணீர் துடைக்கப்படும் என்ற வசனத்தை வாசிக்க நாணயச் சான்று தேவையில்லை. அநீதியான ஆட்சியின் கீழ் வாழும் சபைக்கு முதல் நூற்றாண்டு வாசிப்பு வலிமை தரும். நிறவெறி அரசுக்கு எதிராக நின்ற தென்னாப்பிரிக்க இறையியலாளர் ஆலன் பூசாக் 1980களில் ரோமைப் பற்றிய வசனங்களை அந்த அரசின் தலைநகரான பிரிட்டோரியாவை நோக்கி வாசித்தது அப்படித்தான். இளைஞர் குழுவுக்கு முடிவுக்கு நாள் குறிக்கும் வகைக் கணிப்புகளைக் கற்பிப்பதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் நான் பரிந்துரைக்கமாட்டேன். ஏழு முத்திரைகளைத் திறக்கத் தமக்கே அதிகாரம் உண்டு என்று சொன்ன டேவிட் கொரெஷை நம்பி, 1993 ஏப்ரலில் டெக்சஸின் வேக்கோ அருகே நெருப்பில் மாண்ட எழுபதுக்கும் மேற்பட்டோரில் குழந்தைகளும் இருந்தார்கள். அத்தகைய முடிவு அரிது. ஆனால் பரிசோதனைக்கு இடங்கொடாத ஒரு கணக்கின்மேல் வாழ்க்கையை வைக்கக் கற்றுக்கொடுப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அது சான்று.

முழு நூலையும் வாசிக்கப்போகும் குழுவுக்கு, முதல் அதிகாரத்தை விட்டுப் பதினேழாம் அதிகாரத்தில் தொடங்கலாம் என்பது என் யோசனை. ஏனென்றால் அங்கே தேவதூதனே நின்று, தலைகள் மலைகள், கொம்புகள் ராஜாக்கள், தண்ணீர்கள் ஜனங்கள், ஸ்திரீ மகா நகரம் என்று ஒவ்வொன்றாகப் பொருள் சொல்கிறான். யோவானின் சித்திரங்களை எப்படி அவிழ்ப்பது என்பதற்கு இதைவிட நல்ல மாதிரி நூலுக்கு வெளியே கிடைக்காது. அந்த அதிகாரத்திலும் தீராத ஒரு கணக்கு இருக்கிறது. ராஜாக்கள் ஏழு பேர், ஐந்துபேர் விழுந்தார்கள், ஒருவன் இருக்கிறான் என்கிறது. ஜூலியஸ் சீசரிலிருந்து எண்ணினால் ஆறாமவன் நீரோ. அகஸ்துவிலிருந்து எண்ணினால் கல்பா. 68, 69இல் சில மாதங்களே ஆண்ட மூவரை விட்டுவிட்டால் வெஸ்பாசியன். டொமிஷியன் ஆட்சியின் இறுதியில் கண்ட தரிசனம் என்ற ஐரேனியஸின் கூற்றோடு இம்மூன்றில் ஒன்றும் நேராகப் பொருந்தவில்லை. முதல் அமர்விலேயே மூன்று வரிசையையும் பலகையில் எழுதிப்போட்டு விடலாம். அடுத்த வாரம் 666ஐ எடுக்கும்போது, ஆசிரியர் இங்கே எண்ணச் சொல்கிறாரா, ஏழு என்ற நிறைவை நினைக்கச் சொல்கிறாரா என்ற கேள்வியை நடத்துபவர் எழுப்பவேண்டியிராது, குழுவினரே எழுப்புவார்கள்.